குடையைத் திருப்பித் தந்தவர்கள்

ஒரு வீட்டில் ஐவர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். அவர்களுடைய உடல்கள், வீட்டின் பின்புறம் பள்ளத்தில் செல்லும் சரக்கு இரயிலின் திறந்த பெட்டிகளில் விழுகின்றன. அதைக் காண்போர் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். சாவைக் கண்டு இவ்வாறு சிரிப்பது கிறிஸ்தவ மனச்சான்றுக்கு ஒத்ததாகுமா? 'தி லேடிகில்லர்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

சிரிப்பில் இரு வகை உண்டு. துன்புறுவோரைக் கண்டு சிரிப்பது ஒரு வகை. அது கொடுமையோடு உடன்பிறந்தது. தன்னை மிஞ்சிய அறிவாளி உலகில் இல்லை என்று நிமிர்ந்து நடக்கும் தீமை, தன் காலே தடுக்கி வீழும்போது எழும் சிரிப்பு இன்னொரு வகை. மண்ணுலக வேந்தர்களின் சூழ்ச்சியைக் கண்டு விண்ணகத்தில் வீற்றிருப்பவர் நகைப்பதாக இரண்டாம் திருப்பாடல் கூறுவதை நாம் அறிவோம். இப்படம் எழுப்பும் சிரிப்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. எனினும் அந்தச் சிரிப்பு அடங்கிய பின்னர் நெஞ்சில் ஒரு முள் தங்கிவிடுகிறது. அந்த முள்ளைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம்.

1955 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த படம் இது. இலண்டனின் ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தில், மைக்கேல் பால்கனின் தலைமையில் உருவான புகழ்பெற்ற நகைச்சுவைப் படங்களின் வரிசையில் கடைசியாக வந்தவற்றுள் ஒன்று. அதே ஆண்டில்தான் அந்நிலையம் பிபிசி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இயக்கியவர் அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக். அமெரிக்காவில் பிறந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வளர்ந்தவர். கதையையும் வசனத்தையும் எழுதிய வில்லியம் ரோஸ், இக்கதை முழுவதும் ஓர் இரவு தமக்குக் கனவாகத் தோன்றியது என்று கூறியிருக்கிறார். ஆலெக் கின்னஸ், சிசில் பார்க்கர், ஹெர்பர்ட் லோம், பீட்டர் செல்லர்ஸ், டேனி கிரீன் ஆகிய ஐவர் கொள்ளையராக நடித்துள்ளனர். ஆனால் படத்தின் தலைவி அறுபதாண்டுக் காலம் நாடக மேடையிலும் திரையிலும் சிறு வேடங்களை ஏற்றுவந்த கேட்டி ஜான்சன் என்னும் மூதாட்டி. இவ்வேடத்துக்காகப் பிரித்தானியத் திரைப்பட அகாதெமியின் சிறந்த நடிகை விருதை அவர் பெற்றபோது அவருக்கு வயது 77. அடுத்த ஆண்டே, 1957 இல், அவர் மறைந்தார்.

சாய்ந்த வீடு

இலண்டனில் கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்துக்கு அருகே, முட்டுச் சந்து ஒன்றின் முனையில், இரயில் சுரங்கப் பாதையின் வாய்க்கு மேலே நிற்கிறது திருமதி வில்பர்ஃபோர்சின் வீடு. போர்க்காலக் குண்டுவீச்சினால் அதன் அடித்தளம் தாழ்ந்து, வீடு முழுவதும் ஒருபுறம் சாய்ந்துவிட்டது. சுவரில் மாட்டிய படங்கள் நேராக நிற்பதில்லை. குழாயில் நீர் வரவேண்டுமானால் சுத்தியலால் தட்ட வேண்டும். அந்த வீட்டில் தம் கிளிகளோடு தனியே வாழ்கிறார் அம்மூதாட்டி. கப்பல் தலைவராயிருந்த கணவர், சீனக் கடலில் புயலில் சிக்கியபோது கிளிகளைப் படகில் ஏற்றிவிட்டு, தாம் கப்பலோடு மூழ்கிப்போனார். அது நடந்து 29 ஆண்டுகள் ஆகிவிட்டன.

மேல்மாடி அறைகளை வாடகைக்குக் கேட்டுப் பேராசிரியர் மார்கஸ் என்பவன் வருகிறான். அவனும் நண்பர் நால்வரும் இசைக் கலைஞர்களாம். ஐந்து நரம்பிசைக் கருவிகளைக் கொண்டு பயிற்சி செய்ய அமைதியான இடம் தேவையாம். உண்மையில் அவர்கள் கொள்ளையர். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, போக்கெரினியின் இசைத்தட்டைக் கிராமபோனில் சுழலவிட்டு, கிங்ஸ் கிராசில் 60,000 பவுன் பணத்தைக் கவரத் திட்டமிடுகின்றனர். வெளியே நின்று கேட்கும் மூதாட்டியோ, அவ்விசையில் உள்ளம் உருகி, அடிக்கொரு முறை தேநீர்க் கோப்பைகளோடு கதவைத் தட்டுகிறார். தட்டும் ஒவ்வொரு முறையும் கொள்ளையர் ஓடிச்சென்று வயலினையும் செல்லோவையும் கையில் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

திட்டத்தின் நுட்பமான பகுதி இனிமேல்தான். கவர்ந்த பணத்தை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து, இரயில் நிலையத்தில் ஒப்படைத்துவிடுகின்றனர். அதை வாடகைக் காரில் எடுத்துவருபவர், ஒன்றுமறியாத திருமதி வில்பர்ஃபோர்ஸ்! நரைத்த தலையும் தொப்பியும் குடையுமாக வரும் அவரை எந்தக் காவலர் ஐயுறுவார்? அவருடைய நற்பெயரே கொள்ளைக்குப் போர்வையாகிறது. வழியில் அவர் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வருவதும், பழ வண்டியில் வாய் வைத்த குதிரையை அடிப்பவனைக் கண்டு காரை நிறுத்தி இறங்கிக் கண்டிப்பதும், அதனால் விளையும் தெருச் சண்டையும், ஒளிந்திருந்து பார்க்கும் கொள்ளையரின் உயிரை உலுக்குகின்றன. வாயில்லா உயிர் ஒன்று அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு தம் வேலையைக் கவனிக்க அவரால் முடியாது. முடிவில் பெட்டியை வீட்டில் கொண்டுவந்து இறக்கிவைப்பவர்கள் காவலர்களே.

இங்கே படத்தின் முதற்காட்சியை நினைவுகூர்தல் நன்று. திருமதி வில்பர்ஃபோர்ஸ் காவல் நிலையத்துக்குச் செல்கிறார். வேற்றுலக ஊர்தி ஒன்று தன் வீட்டுத் தோட்டத்தில் இறங்கியதாக அவருடைய தோழி முன்பு செய்த முறையீடு வெறும் கனவே என்று விளக்கி, காவலரின் நேரம் வீணாகாமல் காக்கவே அவர் வந்திருக்கிறார். கண்காணிப்பாளர் எழுந்து நின்று, அன்பாகப் பேசி, நன்றி கூறி அனுப்புகிறார். மறந்து வைத்த குடையை எடுத்துக் கொடுக்கின்றனர். ஒருவரும் ஏளனம் செய்யவில்லை; ஒருவரும் அதட்டவில்லை. எல்லாரும் நல்லவர்கள். ஆனால் அவர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மரியாதை முழுமையாக இருக்கிறது; செவிகொடுத்தல் சிறிதும் இல்லை. பின்னர் நிகழப்போவதற்கான வித்து இக்காட்சியிலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

கால் பென்னிக் கணக்கு

கொள்ளை வெற்றியாக முடிந்து, ஐவரும் பணத்தோடு வெளியேறும் வேளையில், முன்னாள் குத்துச்சண்டை வீரனான ஒன்-ரவுண்டின் செல்லோப் பெட்டி கதவில் மாட்டிக்கொள்கிறது. அவன் வலிந்து இழுக்க, பெட்டி திறந்து பணத்தாள்கள் சிதறுகின்றன. மூதாட்டி பார்த்துவிடுகிறார். என்ன நடந்தது என்பது அவருக்குப் புரிந்தவுடன், பணத்தைத் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும் என்கிறார். பள்ளிச் சிறுவரைக் கண்டிக்கும் ஆசிரியையின் குரல் அது. அந்நேரம் பார்த்து அவருடைய தோழியர் தேநீர் விருந்துக்கு வந்துசேர, அம்முதிய பெண்களுக்கு நடுவே கொள்ளையர் ஐவரும் கோப்பையும் தட்டுமாக அடங்கி ஒடுங்கி நிற்கும் காட்சி, திரை நகைச்சுவையின் அரிய செல்வங்களுள் ஒன்று என்போம்.

விருந்து முடிந்தபின் பேராசிரியர் மார்கஸ் தன் வாதத்தை விரிக்கிறான். நம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இது. பணத்தை இழந்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஈடு கொடுத்துவிடும்; அந்நிறுவனமோ தன் இழப்பை எல்லாக் காப்பீடுகளின் மீதும் பகிர்ந்துவிடும்; ஆளுக்கு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி, கூடுதலாக வரும்; ஆகவே எவருக்கும் இழப்பில்லை; பணத்தைத் திரும்பப் பெற எவரும் விரும்பவும் மாட்டார்கள் என்கிறான்.

எவ்வளவு பழகிய குரல்! அரசுப் பணந்தானே, கம்பெனிப் பணந்தானே, பொதுப் பணந்தானே என்று நாம் நாள்தோறும் கேட்கும் வாதமே, ஆலெக் கின்னசின் இனிய நாவில் இவ்வளவு நயமாக வெளிப்படுகிறது. அறநெறி இறையியல் இதற்கு என்றோ விடை கூறிவிட்டது. ஒருவரிடம் கவர்ந்தாலும், பலரிடம் துளித்துளியாகக் கவர்ந்தாலும், களவு களவே. பங்கிட்டுக் கொடுப்பதால் இழப்பு சிறுக்கலாம், கவர்ந்தவனின் பொறுப்பு சிறுப்பதில்லை.

அந்தக் கணக்கையே சற்றுப் போட்டுப் பார்ப்போம். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. ஒரு பென்னிக்கு 4 ஃபார்திங். ஆகவே 60,000 பவுன் என்பது 5 கோடியே 76 இலட்சம் ஃபார்திங். அன்றைய பிரித்தானியாவின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 5 கோடி. தொட்டிற் குழந்தை முதல் தொண்ணூறு வயதுக் கிழவர் வரை ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு காப்பீடு இருந்தாலும்கூட, பேராசிரியரின் கணக்கு ஒரே தவணையில் நேராகாது. எவருக்கும் இழப்பில்லை என்று அவன் சொன்ன செயலின் உண்மையான பொருள், நாட்டு மக்கள் ஒவ்வொருவருக்கும் இழப்பு என்பதுதான். இயக்குநர் இக்கணக்கை நமக்குப் போட்டுக் காட்டவில்லை. ஆனால் எண்களைக் காட்டி மனச்சான்றை உறங்கவைக்கும் அறிவாளிகளிடம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்பதை மார்கசின் கோணற் பற்களும் சோர்ந்த கண்களுமே உணர்த்திவிடுகின்றன.

மூதாட்டி சற்றுத் தடுமாறுகிறார். வாதம் பலிக்காததைக் கண்டு கொள்ளையர் அச்சுறுத்தலைக் கையாள்கின்றனர். பெட்டியைக் கொண்டுவந்தவர் அவர்தாமே! அவரும் உடந்தையன்றோ? சிறையில் அமர்ந்து அஞ்சற் பைகளைத் தைக்க நேருமே! அறியாமல் செய்த செயல் குற்றமாகாது என்று எடுத்துச் சொல்ல அவர் அருகில் ஒருவருமில்லை. அவர் உள்ளபடியே அஞ்சுகிறார். ஆயினும் அஞ்சியபின் அவர் எடுக்கும் முடிவுதான் படத்தின் உயிர்நாடி. சிறைக்குச் சென்றாலும் செல்வேன், காவலரிடம் உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று எழுகிறார். அச்சமற்றவரின் துணிவைவிட, அஞ்சி நடுங்கியும் கடமையை விடாதவரின் துணிவு பெரிதல்லவா? லூக்கா நற்செய்தியின் 18 ஆம் அதிகாரத்தில் நடுவரை விடாது நச்சரித்த கைம்பெண்ணின் வழிவந்தவர் இவர்.

ஏழிலிருந்து ஐந்துக்கு

ஏழாம் கட்டளையை மீறியவர்கள் ஐந்தாம் கட்டளையின் வாசலில் வந்து நிற்கின்றனர். மூதாட்டியைக் கொல்வதென முடிவாகிறது. தீக்குச்சிகளைக் கொண்டு சீட்டுப் போடுகின்றனர். ஆனால் அவரைக் கொல்ல ஒருவராலும் இயலவில்லை. மேஜருக்கு அப்பணி விழுகிறது. அவன் பணத்தோடு கூரைவழியே தப்ப முயன்று விழுந்து மடிகிறான். அடுத்து ஹாரி, அவனும் தப்பியோடவே பார்க்கிறான். மூதாட்டியை அவன் கொன்றுவிட்டான் என்று தவறாக எண்ணிய ஒன்-ரவுண்ட் அவனை அடித்துக் கொல்கிறான். பின்னர் மூதாட்டியின் காவலனாகவே மாறி நிற்கும் ஒன்-ரவுண்ட், மார்கசாலும் லூயியாலும் உயிரிழக்கிறான். எஞ்சிய இருவரும் ஒருவரையொருவர் வேட்டையாடுகின்றனர். லூயி ஏணியிலிருந்து வீழ்கிறான். இறுதியில் தனித்து நிற்கும் மார்கசின் தலைமேல், இரயில் பாதையின் கைகாட்டி இறங்குகிறது. இத்தனையும் நிகழும்போது மூதாட்டி நாற்காலியில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருக்கிறார்.

அவர் ஒருவரையும் தண்டிக்கவில்லை. ஒரு சூழ்ச்சியும் செய்யவில்லை. தீமை தன்னைத்தானே உண்டு தீர்கிறது. பேராசையால் கூடியவர்கள் பேராசையாலேயே பிரிகின்றனர். ஒருவரையொருவர் நம்ப இயலாமையே அவர்களுடைய தீர்ப்பாக அமைகிறது. அந்தக் கைகாட்டி இறங்குவது இறைவனின் கரம் என்று நாம் சொல்லத் துணியவில்லை. இயக்குநரும் அப்படிச் சொல்லவில்லை. இரயில் வருகிறது, கைகாட்டி இறங்குகிறது, அவ்வளவே. ஆயினும், எல்லாவற்றையும் கணக்கிட்ட பேராசிரியர் இதை மட்டும் கணக்கிடவில்லை என்பது நம்மைச் சிந்திக்கவைக்கிறது.

இவ்வைவருள் நம் உள்ளத்தைத் தொடுபவன் ஒன்-ரவுண்ட். மூதாட்டியின் பெயரைக்கூடச் சரியாக அறியாத மந்தபுத்திக்காரன். வீட்டின் சாய்வை வைத்துத் தானே அவருக்கு ஒரு பெயரிட்டு அழைப்பவன். ஆனால் அவரை ஒரு மனிதப் பிறவியாகக் கண்டவன் ஐவருள் அவன் ஒருவனே. அந்த அன்பும்கூட அவன் அறிந்த ஒரே மொழியாகிய வன்முறையில்தான் வெளிப்படுகிறது. அன்பு எழுந்தும், வாழ்ந்த வாழ்வின் பழக்கத்தைக் கடக்க இயலாமற்போன ஓர் உள்ளத்தின் அவலம் அது. அவன் மடியும்போது நம் சிரிப்பு சற்றே தயங்குகிறது. தயங்கத்தான் வேண்டும்.

இங்கே ஆலெக் கின்னசைப் பற்றி ஒரு செய்தி. 1954 இல் வெளிவந்த 'ஃபாதர் பிரவுன்' படத்தில், செஸ்டர்டன் படைத்த துப்பறியும் குருவாக அவர் நடித்தார். பிரான்சு நாட்டில் படப்பிடிப்பு நடந்தபோது, ஒருநாள் மாலை குருவின் அங்கியைக் களையாமலே அவர் நடந்து செல்ல, முன்பின் அறியாத சிறுவன் ஒருவன் அவரை உண்மையான குரு என்றெண்ணி, கையைப் பற்றிக்கொண்டு பேசியபடியே உடன் நடந்தானாம். அறியாதவரிடத்தும் இத்துணை நம்பிக்கையை ஒரு குழந்தையிடம் எழுப்பவல்ல திருச்சபை எத்தகையதாயிருக்க வேண்டும் என்று எண்ணத் தலைப்பட்டதாக அவர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். 1956 இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையே வந்ததுதான் இப்படம். அங்கே ஒரு குழந்தையின் நம்பிக்கை நடிகரின் வாழ்வைத் திருப்பியது. இங்கே அவர் ஏற்ற வேடமோ, ஒரு மூதாட்டியின் நம்பிக்கையைக் கருவியாக்கி அழிந்துபோகிறது. இதைக் கொண்டு பெரிய முடிவெதையும் நிறுவ நாம் முற்படவில்லை. எனினும் மார்கசை அவர் வெறும் கேலிப் பொருளாக்காமல், உள்ளே ஏதோ ஒன்று அழுகிப்போன மனிதனாகக் காட்டியிருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

முன்னும் பின்னும் இரு படங்கள்

கொலையும் நகைச்சுவையும் மூதாட்டியரும் ஒன்றுசேரும் படங்கள் வேறும் உண்டு. பிராங்க் காப்ராவின் 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' 1944 இல் வெளிவந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் வாழும் இரு முதிய சகோதரிகள், தனிமையில் வாடும் முதியவர்கள்மீது இரக்கம் கொண்டு, அவர்களுக்கு நஞ்சு கலந்த மதுவைக் கொடுத்து நிலவறையில் அடக்கம் செய்துவிடுகின்றனர். இவ்வாறு 12 பேர்! அங்கே சிரிப்பு எழுவது, கனிந்த முகத்துக்கும் கொடிய செயலுக்கும் உள்ள முரணிலிருந்து. கிழவியர் நல்லவராய்த் தோன்றினால் ஏதோ மறைந்திருக்கும் என்பது அப்படத்தின் குறும்பு. மெக்கென்ட்ரிக்கின் படமோ இதற்கு நேர்மாறானது. இங்கே கனிந்த முகத்தின் பின்னே மறைந்திருப்பது எதுவுமில்லை. தோற்றமும் உள்ளமும் ஒன்றே. அதை நம்ப இயலாதவர்கள்தாம் அழிகின்றனர்.

2004 இல் கோயன் சகோதரர்கள் இதே கதையை அமெரிக்காவின் மிசிசிப்பிக்குக் கொண்டுசென்று மீண்டும் படமாக்கினர். டாம் ஹாங்க்ஸ் பேராசிரியராகவும், இர்மா ஹால் கறுப்பினக் கைம்பெண் திருமதி மன்சனாகவும் நடித்தனர்; இர்மா ஹாலுக்குக் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பரிசும் கிடைத்தது. இம்மூதாட்டி ஆலயப் பற்று மிக்கவர். ஆலயப் பாடல்கள் படம் முழுவதும் ஒலிக்கின்றன. ஆனால் முடிவில் தம்மிடம் தங்கிவிட்ட பணத்தை அவர் அளிப்பது பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு. 1971 வரை கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுத்த நிறுவனம் அது! வெளிப்படையான பக்தியை வைத்துக்கொண்டு கோயன் சகோதரர்கள் அந்தப் பக்தியின் கண்மூடித்தனத்தையும் பார்த்துச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பில் கூர்மை உண்டு. ஆனால் முதற்படத்தின் ஆழம் அதில் இல்லை என்பது நம் கருத்து. திருமதி வில்பர்ஃபோர்ஸ் திரையில் ஒரு மறையுரையும் நிகழ்த்துவதில்லை. அவருடைய நன்மை, நாற்பது ஐம்பது ஆண்டுகள் நாள்தோறும் சரியானதைச் செய்து செய்து உடம்போடு ஒட்டிப்போன பழக்கம். அறநெறியாளர்கள் நற்பண்பு என்று கூறுவது இதைத்தான்.

முதற்படம் குறையற்றது என்று நாம் கூற வரவில்லை. போக்கெரினியின் இசையைக் கேட்டதும் மூதாட்டிக்குத் தம் இருபத்தோராவது பிறந்தநாள் விருந்து நினைவுக்கு வருகிறது. அவ்விருந்து, பழைய அரசி மறைந்துவிட்டார் என்ற செய்தியால் நடுவிலேயே நின்றுபோனதாம். விக்டோரியா அரசி மறைந்தது 1901 இல். இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தை ஏற்றவர் அவர். மூதாட்டியின் கிளிக்கோ, 1885 இல் கார்ட்டூமில் கொல்லப்பட்ட தளபதி கோர்டனின் பெயர். ஆக, இவ்வம்மையார் பேரரசின் மகள். அவருடைய சாய்ந்த வீட்டில் வீசும் பழைமையின் மணத்தை, அப்பேரரசின் சுமையைச் சுமந்த நாடுகளின் மக்களாகிய நாம் அப்படியே நுகர்ந்துவிட இயலாது. அந்த நற்பண்பும் தேநீர் விருந்தும் எவருடைய உழைப்பின்மேல் எழுந்தவை என்ற கேள்வியைப் படம் கேட்கவில்லை. ஆயினும் மெக்கென்ட்ரிக் கண்மூடி ஏங்குபவர் அல்லர். போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் உருவகமாகவே அவர் இக்கதையைக் கண்டார். வீடு சாய்ந்துவிட்டது என்பதை ஒவ்வொரு காட்சியிலும் நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறார். சாய்ந்த வீட்டிலும் நேராக நிற்கும் மனிதர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதே அவர் கூற விழைவது.

பணம் யாருடையது?

இனி அந்த முள்ளுக்கு வருவோம். விழித்தெழும் மூதாட்டி, வீட்டில் ஒருவருமில்லை, பணம் மட்டும் இருக்கிறது என்று காண்கிறார். மீண்டும் காவல் நிலையத்துக்குச் செல்கிறார். நடந்ததையெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். கண்காணிப்பாளர் முன்போலவே அன்போடு கேட்கிறார், முன்போலவே நம்பவில்லை. வேற்றுலக ஊர்தி வரிசையில் இதுவும் ஒன்று! பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தபடி கூறி அனுப்பிவிடுகின்றனர். தயக்கத்தோடு வெளியே வரும் அவர், நடைபாதை ஓவியருக்கு ஒரு பணத்தாளை அளித்துவிட்டு வீட்டை நோக்கி நடக்கிறார்.

இப்படத்தை இளையோர் சிலரோடு அமர்ந்து கண்டபோது, எல்லாரும் கைதட்டி மகிழ்ந்த அவ்விடத்தில் ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "சாமி, அந்தப் பணத்த அந்தப் பாட்டி வச்சிக்கிட்டது சரிதானா?"

சரியன்று. கவர்ந்த பொருள் எவர் கைக்கு வந்தாலும் உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட வேண்டும் என்பதே அறநெறி. காவலர் கேட்காவிட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் வாசலையாவது அவர் தட்டியிருக்க வேண்டும். சிறைக்கும் அஞ்சாது எழுந்தவர், ஓர் அதிகாரியின் புன்னகைக்கு முன் ஓய்ந்துவிடுகிறார். பேராசிரியரின் வாதத்தாலும் கொள்ளையரின் மிரட்டலாலும் கெடுக்க முடியாத ஒன்றை, நல்ல மனிதர்களின் அலட்சியம் எளிதாகக் கெடுத்துவிட்டது. படத்தின் மிகக் கசப்பான நகைச்சுவை இதுவே என்று நாம் கருதுகிறோம். ஐந்து சாவுகளில் இல்லாத கசப்பு அந்த ஒரு புன்னகையில் இருக்கிறது.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? ஒரு பங்கு மூதாட்டியுடையது. அவர் முதியவர் என்பதற்காக அப்பங்கைத் தள்ளுபடி செய்வது, காவலர் செய்த அதே பிழையை நாமும் செய்வதாகும். வயது முதிர்ந்தவரையும் தம் செயலுக்குப் பொறுப்பேற்கவல்லவராகக் கருதுவதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. ஆனால் பெரும்பங்கு, கேட்க வேண்டிய இடத்தில் அமர்ந்திருந்து கேளாதவர்களுடையது. உண்மை தானாக வந்து அவர்கள் மேசைமுன் அமர்ந்தது. அது நரைத்த தலையோடும் நீண்ட கதையோடும் வந்ததால், அதற்கு ஒரு வணக்கமும் வழியனுப்புதலும் மட்டுமே கிடைத்தன.

நம் இல்லங்களிலும் முதிய தாய்மார் இருக்கின்றனர். அவர்களுக்கு உணவும் மருந்தும் குறைவின்றித் தருகிறோம். திருவிழாவுக்குப் புதுப்புடவை எடுத்துத் தருகிறோம். ஆனால் மகன் எங்கிருந்தோ கொண்டுவரும் பணத்தைப் பற்றியோ, பேரன் நள்ளிரவில் திரும்புவதைப் பற்றியோ, நிலப் பத்திரத்தில் கைரேகை வைக்கச் சொன்னதைப் பற்றியோ அவர்கள் வாய் திறந்தால், "அம்மா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது, நீங்க செபமாலை சொல்லுங்க" என்று புன்னகையோடு கூறிவிடுகிறோம். செபமாலை சொல்லும் அதே உதடுகள்தாம் வீட்டிலுள்ள உண்மையையும் சொல்ல முயல்கின்றன. ஆலயத்தில் திருப்பலி முடிந்தபின் தங்கி நின்று, ஒரே செய்தியை மூன்று முறை சொல்லும் மூதாட்டியரைக் குருக்களாகிய நாங்களும் அவ்வாறே அன்போடு அனுப்பிவிடுவதுண்டு. மூன்று முறை சொல்கிறார் என்றால், முதல் இரு முறையும் எவரும் கேட்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

படத்தின் இறுதியில் காவலர் ஒருவர், மூதாட்டி வழக்கம்போல் மறந்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்து அழைக்கிறார். அவரோ அது வேண்டாம் என்கிறார். அந்தக் குடை அவருக்கு என்றுமே பிடித்ததில்லையாம். இனி அவர் வேண்டிய அளவு குடைகள் வாங்கிக்கொள்ளலாம். அக்காவலரின் கடமையுணர்வில் ஒரு குறையும் இல்லை. மறந்த குடையைத் திருப்பித் தருவதில் அவர்கள் என்றும் தவறியதே இல்லை. மேசைமீது அவர் வைத்துவிட்டுப்போன உண்மை மட்டும், எடுப்பார் இல்லாமல் அங்கேயே கிடக்கிறது.